எழுத்தின் எடையும் இணைய வேகமும்

செல்பேசியில் இணையம் ஊர்ந்து வருகிறது என்பது எல்லா மொழியினரும் பொதுவாகச் சொல்லும் குறை. ஆனால் அந்தத் தாமதத்தின் சுமை எல்லா மொழிகள்மீதும் ஒரே அளவில் விழவில்லை. ஒரே கோபுரம், ஒரே கருவி, ஒரே கட்டணம் என்றிருந்த காலத்திலும் ஆங்கிலப் பக்கம் முன்னதாக வந்து சேர்ந்தது. தமிழ்ப் பக்கம் பின்தங்கியது. காரணம் அலைவரிசையில் மட்டும் இல்லை, எழுத்திலும் இருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே கடந்து செல்வதால், நாம் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

குறுஞ்செய்தியிலிருந்து தொடங்கலாம். ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கின. தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும்; ஆகவே 70 குறிகள்தாம். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 'தொல்காப்பியம்' நம் கணக்கில் ஏழெழுத்துச் சொல். கணினிக் கணக்கில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியே நிற்பதால் அது பதின்மூன்று குறிகள். அச்சொல்லை இடைவெளி விட்டு ஐந்து முறை எழுதினால் ஒரு குறுஞ்செய்தி நிறைந்துவிடும்! அதிலும் பல கருவிகள் தமிழைக் காட்டவே காட்டா. 2005ஆம் ஆண்டு முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வந்தபோது தமிழ் ஆர்வலர்கள் அடைந்த மகிழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

இணையப் பக்கங்களின் கதை இன்னும் சுவையானது. ஒருங்குறிக்கு முன் நம்மிடையே புழங்கிய திஸ்கி முறையில் ஒரு வடிவத்திற்கு ஒரு பைட். 'தொல்காப்பியம்' அதில் 11 பைட்டில் முடிந்துவிடும். ஆனால் அந்த எழுத்துரு கருவியில் இல்லாதவருக்குப் பக்கம் முழுவதும் புரியாத கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறி வந்து அந்த அவலத்தை ஒழித்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. இணையத்தில் ஒருங்குறியைச் சுமந்துசெல்லும் யுடிஎப்-8 முறையை 1992ஆம் ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். ஏற்கெனவே இருந்த ஆங்கிலக் கோப்புகள் மாற்றமின்றிச் செல்லுபடியாக வேண்டும் என்பது அவ்வமைப்பின் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கிரேக்கம், அரபு முதலியவற்றுக்கு இரண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கு மூன்று. நம் ஏழெழுத்துச் சொல் இப்போது 39 பைட். இதில் வஞ்சனை ஏதுமில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்க்கு நீண்ட எண் கிடைத்தது, அவ்வளவே. சேவையகம் பக்கத்தைச் சுருக்கி அனுப்பினால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சேவையகங்களும் அப்படிச் செய்யவில்லை.

இந்தச் சுமையோடுதான் தமிழ், ஜிபிஆர்எஸ் காலத்துச் செல்பேசிக்குள் நுழைந்தது. ஏட்டளவில் அதன் வேகம் நொடிக்கு 171 கிலோபிட் வரை. நடைமுறையில் 40 கிடைத்தால் அன்று நல்ல நாள். அப்படிக் காத்திருந்து பெற்ற பக்கம் வெறும் கட்டம் கட்டமாகத் தோன்றும். இதற்கு ஓபரா மினி உலாவியில் ஒரு குறுக்குவழி இருந்தது. முகவரி இடத்தில் 'ஓபரா:கான்பிக்' என்று உள்ளிட்டு, சிக்கலான எழுத்துகளைப் படமாக்கிக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டால், தொலைவிலுள்ள சேவையகம் தமிழ் எழுத்துகளைப் படங்களாக்கி அனுப்பும். கட்டங்கள் மறைந்தன; எடை மறுபடி கூடியது. 2009, 2010 வாக்கில் தமிழைச் செல்பேசியில் வாசித்தவர் பலர் இவ்வாறு எழுத்தைப் படமாகத்தான் பார்த்தனர். அச்சிலிருந்து மீண்டும் மரக்கட்டை அச்சுக்குத் திரும்பியது போன்ற நிலை அது.

அரசாணைகள் 'அகலப்பட்டை' என்று எதைச் சொல்லின என்று பார்த்தால் வியப்பு மிகும். 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் அதன் கீழெல்லை 256 கிலோபிட். 2013இல் 512 ஆயிற்று. அதன்பின் 2023 சனவரி வரை அது அசையவேயில்லை. அப்போதுதான் 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. இடையில் மூன்றாம் தலைமுறை வந்து, நான்காம் தலைமுறை பரவி, 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறையும் தொடங்கிவிட்டிருந்தது.

வேகம் ஒருபுறமிருக்க, எட்டுகை வேறொன்று. நம் ஊர்களில் 'டவர் இல்லை' என்றுதான் சொல்கிறோம். சற்றே பிழையான சொல் ஆயினும் பொருள் பொதிந்தது. குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். மிகுந்த அதிர்வெண் அலைகள் அதிகத் தரவைச் சுமந்தாலும் விரைவில் களைத்துவிடும். மலைமடிப்பில் ஒரு சரிவு தாண்டினால் அலை நின்றுபோவது இதனால்தான். திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காதிருப்பதற்குக் காரணம் வேறு. அக்கோடுகள் கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையை மட்டுமே காட்டும். அக்கோபுரத்தில் எத்தனை பேர் நெருக்கியடிக்கின்றனர், கோபுரத்திற்குப் பின்னால் செல்லும் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பவற்றை அவை சொல்லா. 2022 சூலையில் நடுவண் அரசு 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இந்த எண்ணிக்கையை நாம் மறுமுறை படிக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் கணக்குகள். 2020இல் அவற்றுக்கு முகங்கள் கிடைத்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியேனும் இருந்தது. கல்லூரி மாணவர்க்குச் செல்பேசி ஒன்றே வகுப்பறை. மலையோரச் சிற்றூர்களிலிருந்து எம் வகுப்பில் சேர்ந்தவர்களின் குரல் ஒரு சொல் வரும், மூன்று சொல் மறையும். பாடப்பகுதிக்கான நூல்கள் பக்கம் பக்கமாக ஒளிவருடிய பிடிஎப் கோப்புகளாக எங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த மாணவர்கள் கேட்டது வேறு. "ஐயா, பிடிஎப் இறங்கவே மாட்டேங்குது. பாட்டை மட்டும் டைப் பண்ணி அனுப்பிடுங்க" என்றாள் ஒரு மாணவி. பாடப்பகுதியில் இருந்த குறுந்தொகைப் பாடல்களைத் தட்டச்சு செய்து செய்தியாகவே அனுப்பினோம்.

அவள் கேட்டதன் நியாயத்தை எண்களில் பார்க்கலாம். திருக்குறள் 1,330 பாக்களும் ஒருங்குறியில் ஏறத்தாழ 200 கிலோபைட். பழைய ஜிபிஆர்எஸ் வேகத்திலும் ஒரு நிமிடத்திற்குள் வந்துவிடும். ஒளிவருடிய ஒரே ஒரு பக்கப் படமும் எளிதில் அதே எடையை எட்டும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. இன்று மின்னூலகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் தமிழ் நூல்களில் மிகப் பெரும்பகுதி இத்தகைய படங்களே. அரிய பதிப்புகளைக் காப்பதற்குப் படம் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் காப்பகமும் வாசகசாலையும் ஒன்றல்லவே.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தனர். தொலைபேசிக் கம்பிவழி இணையம் வந்த காலத்தில் வேறு வழியும் குறைவு. அந்தக் கோப்புகள்தாம் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எம் மாணவர்களுக்கு எட்டின. இரவு பதினொன்றுக்கு மேல் நெருக்கம் குறையும்போது இறக்கிக்கொண்டார்களாம். காலையில் சிக்னல் போய்விட்டிருக்கும்; பாட்டு அவர்கள் கையில் இருக்கும்.