கண்ணாடி மாளிகையில் பனை தேடிய கதை

தண்ணீரூற்றில் பிறந்த ஒருவன் பனை பார்க்க லண்டனுக்குப் போனான் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். உண்மையில் நான் போனது மகளின் வீட்டுக்கு. 2018 டிசெம்பர் மாதம். குளிர் தாங்காமல் போர்வைக்குள் முடங்கிக் கிடந்த என்னைப் பார்த்து, "வாப்பா, ஊர்ச் சூடு வேணுமெண்டா எழும்பி வாங்க, ஒரு இடம் காட்டுறன்" என்று மகள் கூட்டிப்போனது கியூ தாவரவியற் பூங்காவுக்கு. அங்கே 'பாம் ஹவுஸ்' என்றொரு கண்ணாடி மாளிகை. தென்னை, கமுகு, கித்துள், ஈச்சை, பேரீச்சை எல்லாம் அடங்கிய அந்தத் தாவர இனத்துக்குத் தமிழில் 'பனைக் குடும்பம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். குடும்பத்தின் பெயர்க்காரரை அந்த வீட்டில் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு உள்ளே நுழைந்தேன்.

கதவு திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. முதலில் வந்தது மணந்தான். மழை விட்ட மறுநாள் காட்டு மண்ணிலிருந்து எழும்புமே, அதே மணம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது தலைக்கு மேலே ஓலைகள்; ஓலைகளுக்கு மேலே இரும்பு வளைவுகள்; அதற்கும் மேலே லண்டனின் சாம்பல் வானம்.

இந்த மாளிகை 1844இல் தொடங்கி 1848இல் கட்டி முடிக்கப்பட்டது. வரைந்தவர் டெசிமஸ் பேர்ட்டன். இரும்பு வேலை செய்தவர் டப்ளின் நகரத்து ரிச்சர்ட் டேர்னர். நீளம் ஏறத்தாழ 110 மீற்றர், நடு மண்டபத்தின் உயரம் ஏறத்தாழ 19 மீற்றர். சுமார் 16,000 கண்ணாடித் துண்டுகள். நடுவில் தூண்கள் நெருக்காமல் இத்தனை பெரிய கூரையை நிறுத்துவதற்குக் கப்பல் கட்டும் தொழிலில் இருந்த இரும்பு விலா எலும்பு முறையைக் கடன் வாங்கினார்கள். அதனால்தான் மேலே பார்த்தால் கவிழ்த்து வைத்த கப்பலுக்குள் நிற்பது போலிருக்கிறது. தொடக்கத்தில் வெயில் செடிகளைச் சுட்டுவிடும் என்று பயந்து செப்பு கலந்த பச்சைக் கண்ணாடி போட்டார்களாம். லண்டன் வெயிலுக்குப் பயந்தவர்களை எங்கள் வவுனியா வெயிலில் ஒரு சித்திரை மாதம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சூட்டுக்கு நிலத்தடியில் நிலக்கரி உலைகள். புகை செடிகளைக் கெடுக்கக் கூடாது, பார்ப்பவர் கண்ணையும் உறுத்தக் கூடாது என்பதற்காக ஒரு சுரங்கம் வெட்டி, தூரத்தில் அழகான கோபுரம் ஒன்றைக் கட்டி, புகையை அதன் வழியே விட்டார்கள். அதே சுரங்கத்தில் சிறு தண்டவாளம் போட்டு நிலக்கரி கொண்டு வந்தார்கள். அழகு மேலே இருந்தது. கரி சுமந்தவர்கள் கீழே இருந்தார்கள். அந்தக் காலத்துப் பேரரசும் இதே அமைப்பில்தான் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே தெற்குப் பகுதி ஆபிரிக்காவுக்கு, நடுமண்டபம் அமெரிக்காக்களுக்கு, வடக்குப் பகுதி ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும். வெறும் அலங்காரத் தோட்டம் அல்ல இது. கோப்பி, கரும்பு, றப்பர், எண்ணெய்ப்பனை என்று உலக வரலாற்றைப் புரட்டிப்போட்ட செடிகள் பலவும் இங்கே வரிசையாக நிற்கின்றன. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த 70,000 அளவிலான றப்பர் விதைகள் கியூவின் கண்ணாடிக் கூடங்களில்தான் முளைக்கப் போடப்பட்டன. முளைத்தது 3,000க்கும் குறைவு. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகளை அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. எண்ணெய்ப்பனையின் கதையும் இதைப் போன்றதே. பாம் ஹவுஸ் கட்டி முடிந்த அதே 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் டச்சுக்காரர் நான்கு கன்றுகளை நட்டனர். தென்கிழக்காசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு அந்த நான்கும் மூதாதையர். எங்கள் நாட்டில் 2021இல் அந்தப் பயிரைத் தடைசெய்யும் வரை வந்து நின்றது அந்தப் பயணம்.

சரி, நம்முடைய பனை எங்கே? பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். சுழற்படியில் ஏறி ஒன்பது மீற்றர் உயரத்து நடைபாதையில் நின்று ஓலைகளை மேலிருந்தும் பார்த்தேன். விசிறி ஓலைகள் பல தென்பட்டன. கிட்டப் போனால் வேறு வேறு பெயர்கள். எங்கள் கருத்த, சொரசொரத்த, நெடிய மரம் என் கண்ணில் படவேயில்லை.

பிறகு யோசித்தபோது அதில் வியப்பில்லை என்று விளங்கியது. தென்னம்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். பனை அப்படியல்ல. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வருவதில்லை. முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்குகிறது. நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான். ஒற்றை ஓலை வெளியே தலைகாட்டும்போது வேர் எட்ட முடியாத ஆழத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் கிண்டினால் கிழங்கு கிடைக்கும், மரம் கிடைக்காது. ஆகவே பனையைப் போட்ட இடத்திலேயே வளரவிட வேண்டும். வடலியாகி, மரமாகி, ஆணா பெண்ணா என்று பாளை சொல்ல பன்னிரண்டு முதல் இருபது வருடம் வரை செல்லும். பேரரசின் கண்ணாடிப் பெட்டிக்கு ஏற்ற சரக்கல்ல அது.

ஆனாலும் வெள்ளைக்காரர் பனையைக் கவனிக்காமல் விடவில்லை. வில்லியம் பேர்கசன் என்பவர் 1850இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பனைக்கு 801 பயன்கள் சொல்லும் 'தால விலாசம்' என்ற தமிழ் நூலைப் பற்றி அதில் குறிப்பிடுகிறார். 1895இல் ஜே.பி.லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த வன்னிக் காட்டில் பனை தானாகப் பெருகிய மரம் அல்ல. பனங்கூடல் தெரிந்தால் அங்கே குடியிருப்பு உண்டு, அல்லது முன்னொரு காலம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மூத்தவர்கள் காட்டில் வழி தவறினால் பனந்தலையைத்தான் தேடுவார்கள்.

வன்னி முஸ்லிம்களின் வீட்டிலும் பனைக்கு ஓரிடம் இருந்தது. கள் நமக்கு ஆகாது. ஆனால் பனை கள்ளை மட்டுமா தருகிறது? முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கிய கருப்பணி புளிக்காது. அது வாப்பாவுக்கு விருப்பமான பானம். ஒடியல் மா, பினாட்டு, பனங்காய்ப் பணியாரம் எல்லாம் உம்மாவின் கைப்பக்குவத்தில் வந்தவை. ஓதப் போன பிள்ளைகள் உட்கார்ந்தது பனையோலைப் பாயில். அரிசி புடைத்தது ஓலைச் சுளகில். வீட்டு வளையும் சிலாகையும் பனை. காணிக்கு வேலி பனைமட்டை. பள்ளிவாசலில் ஜும்ஆப் பிரசங்கம் செய்யும் மௌலவி, மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் கட்டிய பள்ளிக்குப் பேரீச்சந்தண்டு தூணாகவும் ஓலை கூரையாகவும் இருந்ததைச் சொல்வார். புது மிம்பர் வந்தபோது, அதுவரை நபியவர்கள் சாய்ந்து நின்ற அடிமரம் பிரிவு தாங்காமல் அழுத செய்தியையும் சொல்வார். சிறுவனாக இருந்த நான் வீட்டுக்கு வந்து எங்கள் வளவுப் பனையில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம், நீராவிப்பிட்டி என்று முல்லைத்தீவின் எங்கள் ஊர்களும் அந்த மாதமே வெறுமையாகின. புத்தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது தென்னங்கிடுகு வேய்ந்த குடிசை. கிடுகு மழைக்கு உளுத்துவிடும், மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். உம்மா ஒவ்வொரு முறையும் "நம்மட பனையோலையெண்டா இன்னும் கிடக்கும்" என்பார். அவர் அங்கேயே மௌத்தாகி, அந்த மணலிலேயே அடங்கினார்.

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு ஊர் பார்க்கப் போனோம். காணி காடாகிக் கிடந்தது. இருபது வருடத்தில் வளர்ந்த காட்டுக்கும் இருநூறு வருடக் காட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அதைக் 'காடழிப்பு' என்று எழுதினார்கள். மன்னார் முசலியில் மக்கள் குடியிருந்த நிலங்கள் 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட வனத்துக்குள் போயின. முல்லைத்தீவிலும் மீள்குடியேற்றம் காட்டுப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் ஒரு காட்டைக் காக்க அவ்வளவு பாடுபடுகிறவர்களைக் கண்டு மதிப்புத்தான் வந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு செடிக்கும் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பலகை இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு பலகை இல்லை. உறுதிகள் பலரிடம் தொலைந்துவிட்டன. சாட்சி சொல்ல மிஞ்சியவை கிணறும் எல்லைப் பனையுந்தான்.

அந்தச் சாட்சிகளும் முழுதாக இல்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் இரு தரப்பும் தறித்தது பனையைத்தான். செல் பட்டு வட்டிழந்த மரங்கள் மொட்டைத் தூண்களாக நின்றன. எங்கள் வளவின் மேற்கு எல்லையில் இருந்த ஏழில் இரண்டு மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்துத்தான் எல்லை பிடித்தோம். பக்கத்துக் காணித் தமிழ்ப் பெண்மணி வந்து, "ஓம் நானா, இது உங்கட வாப்பான்ர பனைதான்" என்று கிராம அலுவலர் முன்னால் சொன்னார். அவரும் அப்போதுதான் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். வன்னித் தமிழ் மக்கள் 2,50,000க்கும் அதிகமானோர் அந்த ஆண்டு முட்கம்பிக்குள் இருந்தார்கள். எங்களை வெளியேற்றியபோது தங்களால் ஒன்றும் செய்ய முடியாமற் போனதைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் விட்டார். நானும் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்கவில்லை. இருவரும் பனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

லண்டனிலிருந்து திரும்பிய அடுத்த பனங்காய்க் காலத்தில் அவரிடமே கேட்டு ஒன்பது கொட்டை வாங்கினேன். மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. விழுந்துபோன பனைகளின் இடத்தில், விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் நானும் அவற்றைப் புதைத்தோம். எப்போது காய்க்கும் என்று கேட்டான். உனக்குக் கலியாணம் முடியும் வயது வரும்போது பார்க்கலாம் என்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன நானா, கிழங்கு இன்னும் கிண்டேல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை, அதுகள் கிடக்கட்டும்" என்றேன்.

ஒன்பதில் ஆறு முளைத்திருக்கின்றன.