கம்பி யாருடையது? மேட்டூர் மின்சாரம் முதல் ஊராட்சி ஃபைபர் வரை

சேலம், நாமக்கல் பக்கம் இன்று இணையம் இல்லாமல் நடக்கும் தொழில் குறைவு. சங்ககிரியில் சரக்கு ஏற்றிய லாரி கிளம்பும் முன் இ-வே பில் எடுத்தாக வேண்டும். கோழிப்பண்ணைக்காரர் காலையில் முட்டை விலையை செல்போனில்தான் பார்க்கிறார். அப்படியானால் ரோடு, தண்ணீர் போல இணையத்தையும் அரசோ மாநகராட்சியோ கொண்டு வந்து தரலாமா? இந்தக் கேள்விக்கு நம் ஊருக்கு ஏற்கனவே வந்த கம்பிகளின் வரலாறே பாதி விடை சொல்லிவிடும்.

முதல் கம்பி: மின்சாரம்

மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிக்கப்பட்டது. 1937ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அணையும் மின் நிலையமும் அரசுடையவை. ஆனால் சேலம், ஈரோடு ஊர்களுக்குள் மின்சாரம் விற்றது சேலம்-ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். லைசென்ஸ் வாங்கிய கம்பெனி வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தைத்தான் பார்க்கும். ஒரே ஒரு கிணற்றுக்காகப் பத்துக் கம்பம் நட அதற்குக் கட்டுபடி ஆகாது.

1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் உருவானது. 1973ல் தனியார் மின் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. லாபம் தரும் டவுன் லைனும் நஷ்டம் தரும் காட்டு லைனும் ஒரே கணக்கில் வந்தன. மானாவாரிக் காட்டில் கூட பம்புசெட் ஓடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின் நிலையத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை பொறுப்பு ஒருவரிடமே இருந்தது.

இரண்டாவது கம்பி: கேபிள் டிவி

இதன் கதை நேர் எதிரானது. 1990களில் தெருவுக்கு ஒரு ஆபரேட்டர் தன் சொந்தக் காசில் வீடு வீடாக ஒயர் இழுத்தார். அரசு பின்னால்தான் வந்தது. 2007ல் அரசு கேபிள் டிவி கழகம் தொடங்கப்பட்டு, பிறகு முடங்கிக் கிடந்தது. 2011 செப்டம்பரில், சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் மாதம் 70 ரூபாய்க்கு மீண்டும் வந்தது. இவ்வளவு வேகம் எப்படி? வீட்டுக்குப் போகும் ஒயர் ஏற்கனவே ஆபரேட்டர்களிடம் இருந்ததுதான் காரணம். அரசு சிக்னல் கொடுத்தால் போதும். ஆனால் டிஜிட்டல் உரிமம் மத்திய அரசிடமிருந்து 2017ல்தான் கிடைத்தது.

மூன்றாவது கம்பி: ஃபைபர்

2011 அக்டோபரில் மத்திய அரசு, நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பிறகு அதன் பெயர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் இதற்காக 2018ல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இலக்கு 12,525 ஊராட்சிகள். சுமார் 1,815 கோடி ரூபாய் டெண்டர், நிபந்தனைகள் பற்றிய புகாரால் 2020ல் ரத்தானது. வேலை 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடங்கியது.

தாமதத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டம் போடப்பட்டது ஊராட்சி அலுவலகம் வரை. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டு போவதை மற்ற நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். மின்சாரத்தில் மின்வாரியமும் கேபிளில் ஆபரேட்டரும் செய்த அந்தக் கடைசி வேலைக்கு இங்கே ஆரம்பத்திலேயே ஒருவரைப் பொறுப்பாக்கவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994ல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது இணையம் விற்பதில்லை. ஊருக்கடியில் ஃபைபர் போட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. அமெரிக்காவின் சாட்டனூகா நகரில் ஊரின் சொந்த மின் நிறுவனமே 2010ல் ஒரு கிகாபிட் இணையத்தை வீடுகளுக்குக் கொடுத்தது. கம்பமும் மீட்டர் பார்க்கும் ஆளும் அதனிடம் முன்பே இருந்தார்கள். நம் பக்கத்திலேயே, கேரளத்தின் கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியது. அதில் கேரள மின்வாரியத்துக்கு 49 சதவீதப் பங்கு.

நமக்கு என்ன பாடம்?

இணையம் விற்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். ஆனால் ரோடும் சாக்கடையும் தெருவிளக்கும் உள்ளாட்சியின் கையில் இருக்கின்றன. ஸ்டாக்ஹோம் வழி நமக்குப் பொருந்துவது இதனால்தான். பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, குடிநீருக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை என்று ரோட்டைத் தோண்டுகிறோம். தோண்டும்போதே ஒரு காலிக் குழாயையும் புதைத்து வைத்தால், பிறகு எந்த நிறுவனமும் வாடகை கொடுத்து அதில் ஃபைபர் விடலாம். அந்த வாடகையில் ஒரு பகுதியை, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் காட்டுப் பக்கத்துக்கு லைன் போட ஒதுக்கலாம். மின்வாரியம் செய்ததும் இதைத்தான்.

திட்டத்தை அணைப் பக்கமிருந்து போடாமல் வீட்டுப் பக்கமிருந்து போட வேண்டும். கடைசி நூறு மீட்டர் யாருடையது, அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், யாருக்கு போன் செய்வது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊராட்சி அலுவலகப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பக்கத்துத் தறிப்பட்டறைக்காரர் அப்போதும் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பார்.