பைத்தானில் ஹாஷ் பிழைகள்: தமிழ் உரையை முன்வைத்து

ஹாஷ் சார்பு எந்த நீளத்துத் தரவையும் குறித்த நீளமுள்ள மதிப்பாக மாற்றுவது. எஸ்எச்ஏ-256 எதைக் கொடுத்தாலும் 64 பதினறும இலக்கங்களைத் தரும். அதே பைட்டுகளுக்கு அதே விடை. ஒரு பிட் மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். ஆகவே ஒத்துவர வேண்டிய இரு மதிப்புகள் ஒத்துவராதபோது, சார்பைச் சந்தேகிக்கும் முன் அதற்குள் போன பைட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். தமிழ் உரைக்கு இது இன்னும் அவசியம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள புதுவயலையும் பக்கத்து ஊரான சாக்கோட்டையையும் எடுத்துக்கொள்வோம். ‘புதுவயல்’ யூனிகோடில் 8 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். இதில் குழப்பம் வர இடமில்லை. ‘சாக்கோட்டை’ அப்படியல்ல. அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் 10 குறியெண்கள், 30 பைட்டுகள். இரண்டாவதில் 11 குறியெண்கள், 33 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். அகராதியில் (டிக்ட்) ஒரு வகையில் பதிந்த பெயரை மறு வகையில் தேடினால் பைத்தான் ‘கீஎரர்’ என்று நின்றுவிடும். ‘லென்’ சார்பால் நீளத்தை அளந்தாலே காரணம் பிடிபடும். யூனிகோடுடேட்டா தொகுதியின் ‘நார்மலைஸ்’ சார்பைக் கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும். ‘ஸ்ரீ’ மட்டும் அடங்காது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்குவதில்லை. அதற்கு நாமே மாற்று விதி எழுத வேண்டும்.

சார்பே பழுதாக இருக்கலாமே என்று கேட்கலாம். எம்டி5 2004இலும் எஸ்எச்ஏ-1 2017இலும் உடைக்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே மதிப்பு வந்தது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. பைத்தானின் உள்ளமைந்த ‘ஹாஷ்’ சார்பு ஒரே சொல்லுக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு மதிப்பு தருவதும் பழுதல்ல. சேவையகங்களை முடக்கும் தாக்குதலைத் தடுக்க, 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் அதற்குத் தற்செயல் விதை இயல்பாகவே சேர்கிறது. சேமித்துவைத்துப் பின்னால் ஒப்பிட வேண்டிய மதிப்புக்கு ஹாஷ்லிப் தொகுதியே சரி. அது சரத்தை அப்படியே ஏற்காமல் ‘டைப்எரர்’ காட்டும். முதலில் ‘என்கோட்’ செய்து பைட்டுகளாக்கித் தர வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடலாமா? பெயர், தேடுசொல், பட்டியல் ஆகியவற்றுக்கு ஆம். உள்ளே வரும் இடத்திலேயே செய்துவிட வேண்டும். தரவிறக்கிய கோப்பையோ மின்கையொப்பமிட்ட ஆவணத்தையோ சரிபார்க்கும்போது ஒரு பைட்டைக்கூடத் தொடக்கூடாது.