பலாலிக்கு எவ்வளவு தூரம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் எதிர்ப்படும் யாரையாவது நிறுத்தி, "இங்கிருந்து மதுரை சமீபமா, யாழ்ப்பாணம் சமீபமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மதுரை என்று சொல்வார். ஆகாய மார்க்கமாக அளந்தால் ஒரகடத்திலிருந்து மதுரை சுமார் 390 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 340தான். ஏறக்குறைய நேர் தெற்கு.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்ட தளம் பலாலி. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையை அடுத்த இந்தத் தளத்தில் இறங்கி, மறுபடி ஏறிச் சென்னை வந்து சேர்ந்தது. டக்கோட்டா விமானம்; 'சீதாதேவி' என்று பெயர். இலங்கையிலிருந்து ஆகாய வழியாக வடக்கே வருகிறவளுக்கு அந்தப் பெயரை இட்டவர் நல்ல ரசிகராகத்தான் இருக்க வேண்டும். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 355 கிலோமீட்டர். டக்கோட்டாவின் வேகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்த நாளில் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போகிறவர் அதற்குள் பாதி வழிகூடத் தாண்டியிருப்பாரோ என்னவோ!

பிறகு உள்நாட்டுப் போர். பலாலி இராணுவ முகாமாயிற்று. 1987 ஜூலைக் கடைசியில் இந்திய அமைதிப்படை வீரர்கள் அங்கே விமானத்தில் போய் இறங்கினார்கள்; மகளைப் பார்க்கச் சென்னைக்கு வர நினைத்த கிழவிக்குத்தான் விமானம் இல்லை. தளத்தைச் சுற்றியிருந்த கிராமத்தார் 1990இல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பாதுகாப்பு வலயம் என்று அடைத்துவிட்ட மண்ணைத் திரும்பக் காணாமலே கண் மூடியவர்கள் பலர்.

இந்தக் காலத்தில் சென்னை எவ்வளவு தூரம்? முதலில் தெற்கே கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர். அங்கிருந்து விமானத்தில் வடக்கே 650. ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. ஏ-9 சாலை மூடிக் கிடந்த வருஷங்களில் திருகோணமலைக்குக் கப்பலேற வேண்டும். பலாலியிலிருந்து கொழும்புக்கு விமானமும் இருந்தது; ஆனால் 1998 செப்டம்பர் 29ஆம் தேதி அப்படிப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஒன்று மன்னார்க் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். அதற்குப் பின் எத்தனை பேருக்கு ஏறத் துணிவு வந்திருக்கும்?

2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பர் 11ஆம் தேதி சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. நாலு மாதம் ஓடியது. கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ஆம் தேதி மறுபடி கிளம்பியது. இதில் ஒரு வேடிக்கை. ஜெட் விமானங்கள் உலகத்தைச் சுற்றும் காலத்தில், இந்தச் சேவைக்கு வந்ததும் சீதாதேவியைப் போல இரட்டை விசிறி வைத்த விமானமே. ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆகிவிடுகிறது. 1947இல் ஆன நேரத்துக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ விமானம் விட்டது. தூரம் 185 கிலோமீட்டர். பிரயாணம் ஒரு மணி நேரம் போல. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கும் நேரம் அதைவிட அதிகம்.