மேல்கோட்டைக்காரனும் சீஸும்



சீஸ் என்றால் எனக்கு உயிர். செடார், கௌடா, எடாம் என்று பெயர் சொல்லச் சொல்ல நாக்கில் ஊறும். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கோ இது தீராத ஆச்சரியம். "திரிஞ்ச பாலை யாராவது காசு குடுத்து வாங்குவாளா?" என்று ஃபோனில் கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் பூர்வீகம் மேல்கோட்டை. மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார், மண்டியா ஜில்லா. கன்னட தேசத்தின் நடுவில் இருந்தாலும் மண்டயம் ஐயங்கார் வீடுகளில் இன்றும் தமிழ்தான். புளியோதரைக்குப் பேர்போன ஊர். அங்கே போய் சீஸ் கேட்டால் கல்யாணி குளத்தைக் காட்டி முழுகி எழுந்து வா என்பார்கள் :-)

ஆனால் எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக உண்டு. வெண்ணெய் திருடிய கண்ணனைக் கொண்டாடுகிறவர்கள் நாம். நூறு தடா வெண்ணெய் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை, ராமானுஜர் அழகர்கோவிலில் நிறைவேற்றி வைத்தார் என்பது சம்பிரதாயம். பால் மேல் இத்தனை பித்து உள்ள ஜனங்களுக்கு சீஸ் மட்டும் ஏன் வாய்க்கவில்லை?

முதல் காரணம் வெயில். சீஸ் என்பது பாலைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழி. ஒரு கிலோ கெட்டி சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால் வேண்டும். பிறகு அதைக் குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் முதிர விட வேண்டும். நம்ம ஊர் உஷ்ணத்தில் அது நடக்குமா? அதனால் நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து, உருக்கினால் தண்ணீரும் புரதமும் போய்விடும். மிஞ்சுகிற நெய் வெயிலிலும் நாள்பட நிற்கும். அவர்களுக்கு சீஸ் எப்படியோ, நமக்கு நெய் அப்படி.

பேங்க்காரன் புத்தி, இங்கே ஒரு கணக்கு சொல்லாமல் போகாது. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் கிரெடெம் என்று ஒரு பேங்க். பார்மிஜானோ சீஸை அடமானமாக வாங்கிக்கொண்டு 1953 முதல் கடன் கொடுக்கிறது. நாம் நகையை வைப்பது போல அவர்கள் சீஸை வைக்கிறார்கள்! ஒரு சக்கரம் நாற்பது கிலோ சுமாருக்கு இருக்கும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அதுவரை பண்ணைக்காரர் கைச்செலவுக்கு என்ன செய்வார்? சரக்கு பேங்க் கிடங்கில் முதிரும், கடன் கையில் இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குத் தஞ்சாவூர் பெரிய கோவில் கல்வெட்டுகள்தான் ஞாபகம் வந்தன. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். இடையர்கள் அவற்றை வாங்கி மேய்த்து, தினமும் ஒரு உழக்கு நெய் கோவிலுக்கு அளக்க வேண்டும். சாகிற ஆட்டுக்கும் கிழடாகிற ஆட்டுக்கும் பதில் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி விடும் ஆட்டுக்குச் சோழர் கல்வெட்டுகளில் பெயரே 'சாவா மூவாப் பேராடு'. ஆடு அசல், நெய் வட்டி. எங்கள் ஹெட் ஆபீஸில் யாரும் இவ்வளவு அழகாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குப் பெயர் வைத்ததில்லை.

மேல்கோட்டை பக்கமும் பால் அரசாங்க விஷயமாகவே இருந்தது. மலையிறங்கி தெற்கே போனால் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே சிக்கதேவராஜ உடையார் (ஆட்சி 1673-1704) காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தரும் மாட்டு மந்தைகளுக்கென ஒரு தனி இலாகா இருந்தது. பெயர் 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி! அந்த மாடுகளைத்தான் ஹைதர் அலி பீரங்கி வண்டி இழுக்க வைத்தார். திப்பு அந்த இலாகாவுக்கு 'அம்ருத் மஹால்' என்று பெயர் மாற்றினார். இன்றும் அந்த இன மாட்டுக்கு அதே பெயர்தான்.

சரி, "திரிந்த பால் ஆகாது" என்பதற்கு வருவோம். வங்காளத்து ரசகுல்லாவுக்கு ஆதாரமான சென்னா, 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஹூக்ளிக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியரிடம் கற்றது என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். அங்கே இன்றும் பாண்டேல் சீஸ் கிடைக்கிறது. ஆனால் 12-ம் நூற்றாண்டிலேயே, இன்றைய கர்நாடகத்தை ஆண்ட கல்யாணிச் சாளுக்கிய ராஜா மூன்றாம் சோமேஸ்வரர் 'மானசோல்லாசம்' என்று ஒரு சமஸ்கிருத நூல் எழுதினார். சமையலும் அதில் உண்டு. காய்ச்சிய பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்து, துணியில் வடிகட்டி, அரிசி மாவு பிசைந்து, பொரித்து, சர்க்கரை சேர்க்கும் பலகாரம் அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட ராமானுஜர் மேல்கோட்டையில் இருந்த காலம்! அவரை ஆதரித்த ஹொய்சள விஷ்ணுவர்த்தனன், பெயரளவிலாவது இந்தச் சாளுக்கியர்களுக்குச் சிற்றரசன். பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவர்களுடைய இன்னொரு ஆட்சேபணையை மட்டும் லேசாகத் தள்ள முடியாது. பாலைக் கட்டியாக்க ஐரோப்பாவில் காலங்காலமாகப் போட்டது ரெனெட். பால் குடி மறக்காத கன்றின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுப்பது. பசுவைத் தாயென்று சொல்லி வளர்த்த வீட்டில் இது சின்ன விஷயமா என்ன? பார்மிஜானோவுக்கு இன்றும் கன்று ரெனெட் கட்டாயம், விதியே அப்படி.

ஆனால் வேறு வழிகளும் உண்டு. போர்ச்சுகலின் செர்ரா டா எஸ்ட்ரெலா சீஸுக்கு ஒரு முட்செடியின் பூவைத்தான் போடுகிறார்கள். நம் அமுக்கராவின் உறவுச் செடி ஒன்று சிந்து, ஆப்கானிஸ்தான் பக்கம் வளர்கிறது. அதன் காயைப் போட்டால் பால் உறையும். 1880-களில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷெரிடன் லீ அதன் விதையை ஆராய்ந்து, ரெனெட் மாதிரியே வேலை செய்யும் பொருள் இருப்பதைக் காட்டினார். பிறகு பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரெனெட் வந்தது. 1990-ல், நுண்ணுயிரை வைத்துத் தயாரித்த கைமோசினுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் அமுல் சீஸிலும் நுண்ணுயிர் ரெனெட்தான்.

அதே அமுலுக்கு ஒரு மைசூர் சம்பந்தமும் உண்டு. 1950-ல் மைசூர் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வுக்கூடம்தான், எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்து அமுலுக்குக் கொடுத்தது. மேல்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஆகவே வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும்போது பேரன் ஆசையாக ஒரு துண்டு பீட்சாவை நீட்டுவான். வாங்கவும் மனசு வராது, மறுக்கவும் மனசு வராது, அவர்கள் பாடு சங்கடம். கடையிலேயே லேபிளைப் பார்த்துவிடுங்கள். 'சைவத்துக்கு உகந்தது' என்றோ 'மைக்ரோபியல் ரெனெட்' என்றோ இருந்தால் எடுங்கள். வெறும் 'ரெனெட்' என்று இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார்மிஜானோ என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர்கள் இஷ்டம். கட்டாயப்படுத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியோதரையும் இருக்கட்டும்.