சபைப் பணியும் சமுதாயப் பணியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழந்தாளிடுபவன் திங்கட்கிழமை தன் தெருவுக்கு என்ன செய்கிறான்? இக்கேள்வி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. பூந்தமல்லி அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துச் சேரி மக்களுக்குக் குடியிருந்த மனையும் சொந்தமில்லை. மிராசுதாரர் விரும்பாவிடில் குடிசையை விட்டு வெளியேற வேண்டிய நிலை. அக்காலத்தில் ஈக்காடு, திருவள்ளூர்ப் பகுதியில் உழைத்த வெஸ்லியன் சங்கப் போதகர் வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்து சபைப் போதகர் ஆடம் ஆண்ட்ரூவும் ஞானஸ்நானத்தோடு தம் கடமை முடிந்ததெனக் கருதவில்லை. நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் எனக் கண்டு, அரசின் செவியில் எடுத்துரைத்தனர். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதன் பின் 1892-இல் பிறந்த அரசாணையும் நாம் இன்று பஞ்சமி நிலம் என வழங்குவதற்கு அடிப்படையாயின.

இப்பெருமை அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நம்மவரான போதகர் ஜான் ரத்தினம், சபை ஊழியத்தைக் கைவிடாமலே 1885-இல் 'திராவிடப் பாண்டியன்' இதழைத் தொடங்கினார். பின்னாளில் பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர் அவருடன் தோள் கொடுத்து நின்றார். சமயம் வேறாயினும் சமுதாயத் துயர் ஒன்றே என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

பள்ளிகளும் அவ்வாறே. 1883-இல் பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் கற்றார். 1920-இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்து ஆதிதிராவிடர்க்காகக் குரல் கொடுத்தார். திருச்சபை ஏற்றிய விளக்கு மதில் கடந்தும் ஒளி தந்தது.

எனினும் குறைகளையும் மறைத்தல் கூடாது. ஆலயத்திற்குள்ளும் தனி இருக்கை, தனி வரிசை என்ற தீமை புகுந்திருந்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்ற ஆணையிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிலும் ஒரு சுவர் நிற்கின்றது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான நம் உடன்பிறந்தாரைப் பட்டியல் சாதியினரின் உரிமைகளுக்கு வெளியே நிறுத்தியது. ஒரே தெருவில், ஒரே குருதியில் பிறந்தோர் இரு வேறு சான்றிதழ்களுடன் நிற்கின்றனர். இந்நிலையில் சபையார் தம் ஆலயத்தோடும், சங்கத்தார் தம் கட்டடத்தோடும் ஒதுங்கி நின்றால் இழப்பு நம் பிள்ளைகளுக்கே.

இளைஞர்களே! எருசலேமின் முதற் சபையிலும் இச்சிக்கல் தோன்றியது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் அக்குறையை மறுக்கவுமில்லை. வசன ஊழியத்தை விட்டுவிடவுமில்லை. நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்து அப்பொறுப்பை ஒப்படைத்தனர். பணியைப் பகிர்வதே சமநிலை என்பது இதனால் விளங்கும்.

பாடகர் குழு, வாலிபர் சங்கம், சபைக் குழு, கல்விச் சங்கம் என அனைத்தையும் ஒருவரே சுமந்தால், ஒன்றும் செம்மையுறாது; அவர் இல்லமும் நலியும். பதவிக்கான தேர்தலில் காட்டும் ஊக்கத்தில் பாதியை மாலை வகுப்புக்குத் தந்தால் எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வைக் கடப்பர்! ஒருவர் ஒரு பொறுப்பை ஏற்று நிறைவாகச் செய்க; காலம் முடிந்ததும் இளையவரிடம் மகிழ்வுடன் ஒப்படைக்க.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், ஆலயம் செல்வோரையும் செல்லாதோரையும் ஒரே பாயில் அமர்த்திப் படிக்க வைக்கட்டும். வழிபாடு நம்மை நிமிர்த்தட்டும். நிமிர்ந்த நாம் பிறரைத் தூக்கி நிறுத்துவோம்.