வீட்டுக் கணினியும் பொதுப் பேழையும்

சிங்கப்பூரில் தேக்காவையடுத்து வாழும் என் தமையனார், வீட்டுக் கணினிகள் அனைத்தும் பயன்கொள்ளுமாறு பொதுச் சேமிப்புப் பேழையொன்றைச் சென்ற விடுமுறையில் அமைத்தார். அதனை ரௌட்டரோடு கம்பியால் பிணைத்துப் பெயரும் மறைச்சொல்லும் கொடுத்த அளவில், பேழையின் அறைகள் என் மடிக்கணினியில் அதன் சொந்த உறுப்பே போலத் தோன்றின. இளம் ஆசிரியனாய்த் தோட்டப் பள்ளியில் 1996-இல் நான் தட்டெழுதிய பாடக்குறிப்புகளை அதிலிட்டுத் திறந்தேன். கோப்பு திறந்தது, தமிழைக் காணோம். பொருளற்ற குறிகளே வரிவரியாக நின்றன.

பிழை கம்பியிலும் இல்லை, பேழையிலும் இல்லை. கணினியும் பேழையும் உரையாடுதற்கு ஐபிஎம் நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் 1983-இல் எஸ்எம்பி என்னும் நெறிமுறையை வகுத்தார். பிற இயங்குதளங்களும் அதனைக் கையாளுமாறு ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் சாம்பா. (நம் சம்பா நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை, எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் அமைந்த சொல்லைத் தேடி இட்ட பெயர்.) வீட்டுப் பேழைகள் பலவற்றுள் இயங்குவது இதுவே.

ஆயின் நெறிமுறை கோப்பைக் கொணரும். உள்ளிருக்கும் எழுத்தை அறியாது. கணினிக்கு எழுத்தென்பது எண். அகரத்திற்கு எந்த எண் என்பதில் அந்நாளில் ஒருமையில்லை. எழுத்துரு செய்தோர் தத்தம் விருப்பப்படி எண்ணிட்டனர்.

இக்குறையைத் தீர்க்க முயன்றோருள் முன்நின்றவர், சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபர் 27-இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதைத் தொகுப்பின் இணையப் பக்கத்தில் தமிழ் இடம்பெற்றது அவர் உழைப்பால். டான் டின் வீ, லியோங் கோக் யோங் இருவரும் உடனுழைத்தனர். 1997 மே மாதம் அங்கு நடந்த தமிழ்நெட் 97 மாநாடு பொதுக் குறியேற்றம் வேண்டுமென்பதை ஆராய்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டிற்குப்பின் தமிழ்நாட்டரசு ஏற்றவை தாம், தாப் என இரண்டு; இணைய அன்பர்கள் வகுத்த திஸ்கியும் இருந்தது. ஒன்று வேண்டி மூன்று பெற்றோம்! அவ்வாண்டு மே மாதமே கோவிந்தசாமி மறைந்தார்.

இத்தனைக்கும் 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. கணினிகள் அதனை முறையாகக் காட்டக் காலமாயிற்று. 2003-இல் வெளிவந்த சாம்பாவின் 3-ஆம் பதிப்பு ஒருங்குறியை ஏற்றது. பேழையில் கோப்புக்குத் தமிழிலேயே பெயரிடுதல் அதன்பின் எளிதாயிற்று.

என் குறிப்புகளுள் பெரும்பாலானவை குறியேற்ற மாற்றியிலிட்டதும் மீண்டன. ஒன்று மட்டும் எந்த எழுத்துருவில் அடித்ததென விளங்கவில்லை. அதன் அச்சுப்படியைப் பள்ளி அலமாரிகளில் தேடிவருகிறேன். கிடைப்பின் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு மீட்கலாம்.